மீட்டர் வாசிக்கும் அக்கா

அக்கா ரோட்டைப் பார்த்து நான் கண்டதில்லை. வெலிங்டன் தீவின் அகலமான சாலையில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் காரின் இடது சீட்டில் உட்கார்ந்து போய்வந்திருக்கிறார். துறைமுகக் கிடங்குகள் எந்தப் பக்கம், தண்ணீர் எந்தப் பக்கம் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. கண் எப்போதும் டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் சின்ன வட்ட மீட்டரிலேயே இருக்கும்.

"ரோட்டைப் பாத்தா நம்பர் போயிரும் பாய்" என்பார். ரோட்டைப் பார்ப்பது ஓட்டுகிறவர் வேலை.

நான் சுள்ளிக்கலில் கார் சாமான் கடை வைத்திருக்கிறவன். சீட் கவர், மேட், வாசனை பாட்டில், பின்கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர். கண்ணேறு படாமலிருக்க வண்டியின் முன்னால் கட்டும் பிளாஸ்டிக் எலுமிச்சை மிளகாயும் விற்கிறேன். அதில் எனக்கு எள்ளளவும் நம்பிக்கை இல்லை என்பதை விற்கும்போது சொல்வதில்லை. இனி எழுதப்போவதை நான் நம்புகிறேனா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

அக்காவின் கணவர் வண்டிகளை ட்யூன் செய்கிறவர். மலையாளி. கோயம்புத்தூரில் வேலை பார்த்த நாளில் அக்காவைக் கல்யாணம் செய்து மட்டாஞ்சேரிக்குக் கூட்டிவந்துவிட்டார். நாங்கள் அவரைச் சேட்டன் என்போம். பழைய சுக்குக் கிடங்கு ஒன்றின் பின்பக்கத்தில் அவருடைய ஷெட். அதை ஒட்டினாற்போல் ஓர் அறையும் சமையலறையுமாக வீடு. ஷெட்டுக்குள் பெட்ரோல் வாடையையும் மீறிச் சுக்கு வாடை அடிக்கும். வேகத்துக்காக இன்ஜினை மாற்றிக் கட்டிய கார்கள் எர்ணாகுளம், களமசேரி பக்கமிருந்தெல்லாம் அங்கே வரும். கம்ப்யூட்டரைச் சொருகி, எவ்வளவு மிதித்தால் எவ்வளவு பெட்ரோல் என்று சேட்டன் மாற்றி எழுதுவார். எழுதியது சரியா என்று பார்க்க ஒரு தடவை முழுக்க மிதித்து ஓட்ட வேண்டும். அப்போதுதான் அக்கா வந்து இடது சீட்டில் உட்காருவார்.

அந்த மீட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இன்ஜினுக்குள் போகும் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று அது காட்டும். அதன் ஆக்சிஜன் சென்சார் புகைக்குழாயில் முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். வெளியே வரும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று மோந்து பார்த்து, உள்ளே என்ன நடந்திருக்கும் என்று அது கணக்குச் சொல்கிறது. சும்மா போகும்போது பதினாலு புள்ளி ஏழு நல்ல எண். இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ போட்ட வண்டியை முழுக்க மிதித்தால் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் இறங்கி நிற்க வேண்டும். மிதித்தபடியே இருக்கும்போது எண் ஏறிப் பதிமூன்றைத் தொட்டால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். உள்ளே பிஸ்டன் உருக ஆரம்பிக்கும். அந்த வேகத்தில் இன்ஜின் இறுகி நின்றால் வண்டி எங்கே போய் முட்டும் என்பது படைத்தவனுக்குத்தான் வெளிச்சம்.

எண்களையெல்லாம் கம்ப்யூட்டரும் பதிவு செய்துகொள்ளும். ஆனால் அதை வண்டி நின்ற பிறகுதான் பார்க்க முடியும். அந்த வேகத்தில் ஓட்டுகிறவர் கண்ணை மீட்டரிடம் கொடுக்க முடியாது. அதனால் அக்கா வாசிப்பார். "பதினொண்ணு ஒம்பது. பதினொண்ணு எட்டு. பன்னெண்டு. பதினொண்ணு ஒம்பது." குரலில் ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. டர்போ விசிலடிக்கும், கண்ணாடி அதிரும், என் போன்றவர்கள் பின்சீட்டில் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பிரார்த்தனையும் சொல்லி முடித்திருப்போம். அவரோ ரேஷன் கடையில் வரிசை எண் கூப்பிடுவதுபோல் சொல்லிக்கொண்டிருப்பார். பதிமூணு என்றால் ஓட்டுகிறவர் யோசிக்கக் கூடாது, காலை எடுத்துவிட வேண்டும். இதுதான் அந்த ஷெட்டின் சட்டம்.

சட்டம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதை ஒரு நாள் தோப்பும்படி பாலத்தில் பார்த்தேன். சேட்டன் ஓட்டுகிறார், பக்கத்தில் அக்கா, பின்னால் நான். யாருக்கோ போனில் கடைக்கு வழி சொல்லிக்கொண்டிருந்த நான், பக்கத்துக் கடை நம்பர் பதிமூணு என்று சொல்லிவிட்டேன். சேட்டனின் கால் தானாக எழும்பிவிட்டது. வண்டி பாலத்தின் நடுவில் இழுபட்டு மந்தமாக, பின்னால் வந்த லாரிக்காரர் எங்கள் பரம்பரையையே இழுத்து ஏசிவிட்டுப் போனார். சேட்டனுக்கே சிரிப்பு. "எடா, என் கால் இப்ப என் பேச்சு கேக்காது. இவ பேச்சுதான் கேக்கும்" என்றார்.

அன்றிலிருந்து ஷெட்டிலும் வீட்டிலும் மீட்டர் காட்டினாலொழிய அந்த எண்ணை யாரும் வாயால் சொல்வதில்லை. அக்கா முட்டை எண்ணும்போது கேட்டிருக்கிறேன். "பதினொண்ணு, பன்னெண்டு, மத்தது, பதினாலு." கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு முதலிலிருந்து எண்ணுவார். எனக்கு அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

வேடிக்கை குறைந்தது என் தம்பியின் வீடியோவால். தம்பி என்னைவிடப் பல வயது இளையவன், இந்த ஊர் வழக்கப்படி அண்ணனை இக்கா என்பான். வாப்பா போன பிறகு நான் வளர்த்த பையன் என்றே சொல்லலாம். படிப்பு, வேலை எல்லாம் ஒழுங்குதான். கார் என்று வந்துவிட்டால் மட்டும் புத்தி கழன்றுவிடும். சேட்டன் ஓட்டுவதைப் பின்சீட்டிலிருந்து போனில் பிடித்து, வெட்டி ஒட்டி எல்லோருக்கும் போடுவான். கடையில் சும்மா இருந்தபோது ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீட்டரும் தெரிகிறது, அக்காவின் குரலும் கேட்கிறது. பார்க்கப் பார்க்க ஏதோ உறுத்தியது. மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். அக்கா "பன்னெண்டு ரெண்டு" என்கிறார். மீட்டரில் பன்னிரண்டு. அப்புறம் ஒரு கண்சிமிட்டல் கழித்து மீட்டர் பன்னிரண்டு புள்ளி இரண்டைக் காட்டுகிறது. அடுத்த எண்ணும் அப்படியே. அதற்கடுத்ததும். வாய் முதலில், மீட்டர் பின்னால்.

சேட்டனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "போன் வீடியோல சத்தம் முன்னாடி வரும்டா, அதொன்னும் குழப்பம் இல்ல" என்றார். எனக்கு விடுகிற குணம் கிடையாது. அதே போனில் கையைத் தட்டி வீடியோ பிடித்தேன். சத்தமும் கையும் சேர்ந்துதான் இருந்தன. அதையும் காட்டினேன்.

"சேட்டா, இன்ஜின்ல எரிஞ்ச புகை குழாய் வழியா வந்து சென்சாரத் தொட்டு, அப்புறந்தானே மீட்டர் காட்டும்?"

"அதே."

"அப்போ அக்கா எங்க இருந்து வாசிக்கிறாங்க?"

சேட்டன் லேப்டாப் திரையைத் துணியால் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் அவர் புதிதாகக் கண்டுபிடித்த முகம் காட்டவில்லை. ரொம்ப நாளாகத் தெரிந்து வைத்திருந்த முகம்தான் காட்டினார்.

அக்கா எங்கள் வீட்டுக்கு வருவார். உம்மாவுக்கும் அவருக்கும் நல்ல ஒட்டுதல். மட்டாஞ்சேரியில் மலையாளம் கலக்காத தமிழ் பேச ஆள் கிடைப்பது உம்மாவுக்குப் பெரிய விஷயம். ஒரு நாள் மதியம் நான் சாப்பிட வந்தபோது உம்மா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து பச்சைப்பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார். கை பயறில் இருந்தது. கண் உம்மாவின் நெஞ்சில் இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன்.

"பதினாலு ஏழு. பதினாலு ஆறு. பதினாலு ஏழு."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "என்னக்கா இது, என் உம்மா என்ன இன்ஜினா?"

அவர் பயந்துபோய்ப் பயறுத் தட்டைக் கீழே வைத்தார். "நல்லா இருக்காங்க பாய். நல்ல நம்பர்தான். அதான்."

"நிறுத்துங்க அத."

"நிறுத்தத் தெரியல பாய்" என்றார். இதைச் சொன்னபோதும் அதே சமமான குரல்தான், கண் மட்டும் கலங்கியிருந்தது. "முன்னாடி சீட்டுல உக்காந்தாதான் வரும். இப்ப எதப் பாத்தாலும் ஓடுது. அடுப்பு, பஸ்ஸு, தூங்குற மனுசங்க. மூச்சு விடுற எல்லாத்துக்கும் ஒரு நம்பர் ஓடுது."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அதற்குப் பிறகு அவர் எதிரில் நின்றால் மூச்சை அடக்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. உம்மாவோ விஷயம் தெரிந்ததும் குஷியாகிவிட்டார். டாக்டரைப் பார்த்து வந்தாலும் அக்காவிடம் ஒரு தடவை, "எனக்கு இன்னிக்கு எவ்ளோ புள்ள?" என்று கேட்டுக்கொள்வார். அக்கா கூச்சப்பட்டுக்கொண்டு, "பதினாலு ஏழு உம்மா" என்பார். உம்மா இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவார்.

தம்பி தன் காரைக் கட்டி முடித்தது அடுத்த வருஷம். பழைய ஹேட்ச்பேக் ஒன்றில் டர்போ, புதுப் புகைக்குழாய், அதில் சென்சார், டாஷ்போர்டில் மீட்டர். மலைக்கு அந்தப் பக்கம், கோயம்புத்தூரைத் தாண்டி, கைவிட்ட விமான ஓடுதளம் ஒன்றில் கால் மைல் போட்டி வைக்கிறார்கள் என்றும் அதில் ஓட்டப்போகிறேன் என்றும் சொன்னான். நான் தடுத்துப் பார்த்தேன். உம்மா அழுது பார்த்தார். அவன் சிரித்தான்.

சேட்டன் அந்த வண்டியைத் தன் சொந்த வண்டிபோல் ட்யூன் செய்தார். தீவில் முதல் சோதனை. தம்பி ஓட்டினான், அக்கா பக்கத்தில், நானும் லேப்டாப்போடு சேட்டனும் பின்னால். மூன்றாவது கியர் போட்டு முழுக்க மிதித்தான். "பதினொண்ணு எட்டு. பதினொண்ணு எட்டு. பதினொண்ணு ஒம்பது. பதிமூணு."

தம்பி காலை எடுத்தான். வண்டி ஓரமாக நின்றது. சேட்டன் பதிவை, அவர் பேச்சில் லாக்கை, திறந்து பார்த்தார். காலை எடுக்கும்வரை கோடு பதினொன்று புள்ளி ஒன்பதிலேயே நூல் பிடித்ததுபோல் நின்றது. காலை எடுத்ததும் சட்டென்று மேலே ஏறியிருந்தது. ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காலை எடுத்தால் பெட்ரோல் நின்றுவிடும், வெறும் காற்று மட்டும் போகும், எந்த வண்டியிலும் அந்த நேரத்தில் எண் ஏறத்தான் செய்யும். அக்கா சொன்னது வருவதற்கு முன்பே தம்பி காலை எடுத்துவிட்டானா, அல்லது வரவே வராத ஒன்றை அக்கா சொன்னாரா? அதைச் சொல்ல ஒரே வழி, அவர் சொன்ன பிறகும் காலை எடுக்காமல் இருப்பது.

இரண்டாவது தடவையும் அதே இடம், அதே சொல். மறு ஞாயிறு சேட்டன் பெட்ரோல் பம்ப், ஒயர், சென்சார் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுக் கொண்டுவந்தார். அன்றும் அதே. மூன்றாவது கியரின் உச்சியில் "பதிமூணு".

தம்பி இறங்கிக் கதவை அடித்துச் சாத்தினான். "இக்கா, எனக்கு இந்தக் குரல் வேண்டாம். மீட்டர்ல இல்லாத நம்பர் எதுக்குச் சொல்றாங்க? ஒரு தடவகூட முழுசா மிதிக்க விடல. அங்க போட்டியில பக்கத்துல யாரையும் ஏத்த விட மாட்டாங்க. ஆள் தனியாத்தான் ஓட்டணும். நான் தனியாவே ஓட்டிக்கிறேன்."

சேட்டன் லேப்டாப்பை மூடினார். "லாக்ல ஒண்ணும் காணல" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அது யாருக்கு ஆதரவாகச் சொன்னது என்று எனக்கு இன்றும் தெரியாது.

அக்கா காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் கதவைத் திறந்தேன். "என்னக்கா பாத்தீங்க?" என்றேன்.

"பாக்கல பாய். வாய்ல வந்துச்சு." கொஞ்ச நேரம் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடவில்லை, மீட்டர் இருட்டாகக் கிடந்தது. "வர்றதால நான் சொல்றனா, நான் சொல்றதால வருதான்னு எனக்கே தெரியல. மொதல்லெல்லாம் மீட்டர் பின்னாடி நான் போவேன். இப்ப மீட்டர் என் பின்னாடி வருது. சின்னப் பாய் தனியா ஓட்டுறதுதான் நல்லது. நான் கூட இருக்க வேண்டாம்."

வெயில் ஏறிய நேரம். தூரத்தில் கப்பல் சங்கு ஊதியது.

போட்டியன்று சேட்டன் லேப்டாப்போடு தம்பியுடன் போனார். என்னை வர வேண்டாம் என்று தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "உன் மூஞ்சியப் பாத்தாலே அக்கா சொன்ன நம்பர் ஞாபகம் வரும்" என்றான். கடையைத் திறந்து உட்கார்ந்தேன். ஒருவர் சீட் கவர் கேட்க நான் மேட்டை எடுத்துக் கொடுத்தேன். பதினோரு மணி வாக்கில் முடியாமல் ஷட்டரை இறக்கிவிட்டு, என்னை அறியாமல் ஷெட்டுக்கே போய்ச் சேர்ந்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அங்கே இருந்தால் தெரிந்துவிடும் என்று உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன் போல.

அக்கா சமையலறையில் சுவரைப் பார்த்துப் பலகை போட்டு உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. ஸ்டூலைக் கண்ணால் காட்டினார். உட்கார்ந்தேன். நகத்தால் மீனின் தலையைக் கிள்ளிச் சட்டியில் போட்டுக்கொண்டே இருந்தார். வெளியே கிடங்கில் சுமைக்காரர்கள் மூட்டை இறக்கும் சத்தம்.

திடீரென்று அவர் கை நின்றது.

"பதினொண்ணு எட்டு" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். போனைப் பார்த்தேன். அழைப்பு எதுவும் இல்லை.

"பதினொண்ணு எட்டு. பதினொண்ணு எட்டு. பதினொண்ணு ஒம்பது." சுவரில் ஒரு காலண்டர் ஆணியைத் தவிர ஒன்றுமில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினொண்ணு ஒம்பது. பன்னெண்டு." தீவில் இந்த இடத்தில்தான் அவர் அந்தச் சொல்லைச் சொல்வார். சொல்லவில்லை. எண் ஏறியது. "பன்னெண்டு மூணு. பன்னெண்டு ஆறு. பன்னெண்டு எட்டு. பன்னெண்டு ஒம்பது."

அவர் உதடு அடுத்த சொல்லுக்காகக் கூடியது. அப்போது அவர் ஒன்று செய்தார். மீன் ஈரம் சொட்டும் கையால் முந்தானையைப் பிடித்து, சுருட்டி, வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

"சொல்லுங்க அக்கா!" என்று கத்தினேன். "சொன்னா அவன் கால எடுப்பான்! சொல்லுங்க!"

அவர் தலையை ஆட்டி மறுத்தார். கண் பிதுங்கியது. அவர் பயம் எனக்குப் புரிந்தது. தான் சொல்வதால்தான் அது வருகிறது என்றால், சொல்லாமல் இருந்தால் பையன் பிழைப்பான் என்று நினைக்கிறார். ஆனால் அவர் வெறும் வாசிக்கிறவர்தான் என்றால், சொல்லாமல் இருப்பதால்தான் அவன் சாவான். இரண்டில் எது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யோசிக்கவும் நேரம் இல்லை. எதையும் நம்பாத நான் அந்தச் சமையலறையில் நின்று, அதன் பாவம் அக்காவுக்குப் போகாமல் எனக்கே வரட்டும் என்று, தொண்டை கிழியக் கத்தினேன்.

"பதிமூணு!"

கிடங்கில் மூட்டை இறக்கும் சத்தம் நின்றது. யாரோ ஒருவர், "எந்தா, எந்து பற்றி?" என்று மலையாளத்தில், என்ன ஆயிற்று எனக் கேட்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, முந்தானை வாயில் இருந்தபடியே, மூக்கால் இழுத்து இழுத்து மூச்சுவிட்டார்.

போன் வருவதற்குள் எனக்கு நரை விழுந்திருக்கும். தம்பிதான். அவன் குரலைக் கேட்டதும் தரையில் மீன் சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இக்கா, தோத்துட்டேன்" என்றான். "பாதி வழியில கால எடுத்துட்டேன்."

"எதுக்குடா எடுத்த?"

"சிரிக்காத. கார்ல கேட்டுச்சு."

"என் குரலா? நான் கத்தினது கேட்டுச்சா?"

"நீயா? நீ எங்க கத்தின?" என்றான் குழப்பமாக. "அக்கா சொன்னாங்க இக்கா. பக்கத்து சீட்ல இருந்து. எப்பவும் சொல்ற மாதிரி மெல்ல."

நான் அக்காவைப் பார்த்தேன். முந்தானை இன்னும் அவர் வாயில் இருந்தது. போனின் ஸ்பீக்கரில் அவருக்கும் கேட்டிருந்தது. துணியை மெல்ல வெளியே எடுத்தார். "நான் சொல்லல பாய்" என்றார். சின்னப்பிள்ளை சாட்சிக்கு ஆள் கூப்பிடுவதுபோல் கேட்டார். "நீங்க பாத்தீங்கல்ல? நான் சொல்லலதானே?"

சொல்லவில்லை என்றேன். அதுதான் உண்மை.

போட்டியின் பதிவிலும் காலை எடுக்கும்வரை எண் பன்னிரண்டைத் தாண்டவில்லை. அன்று மாலை வண்டி ஷெட்டுக்கு வந்ததும் சேட்டன் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். மூன்று சுத்தம். ஒன்றின் வெள்ளைப் பீங்கானில் மட்டும் வெள்ளி மிளகைத் தூவினாற்போல் பொடிப்பொடியாகப் புள்ளிகள். பிஸ்டன் உருகத் தொடங்கினால் இப்படித்தான் ஒட்டும் என்றார். நாலு சிலிண்டரின் புகையும் ஒன்றாகக் கலந்த பிறகுதான் சென்சாருக்கு வருகிறது. மூன்று சிலிண்டர் வயிறு நிறையப் பெட்ரோல் குடித்து ஒன்று மட்டும் பட்டினி கிடந்தால் மீட்டர் சராசரியைத்தான் காட்டும், அந்த ஒன்றின் பட்டினி தெரியாது என்று விளக்கினார். பிறகு பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது பழசும் ஆகலாம். வண்டி முன்னாடி யார் ஓட்டினதுன்னு நமக்குத் தெரியாதே" என்றார். இன்ஜினைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். தம்பி வேண்டாம் என்றான். வண்டியின் குறையைச் சொல்லியே, வந்த விலைக்கு விற்றுவிட்டான். இப்போது அவன் ஓட்டுவது உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வண்டி. அதிலும் சில சமயம் நல்ல ரோட்டில் காரணமே இல்லாமல் காலை எடுத்துவிடுவான். நான் ஏன் என்று கேட்பதில்லை.

அக்கா அதற்குப் பிறகு சீட்டில் உட்காரவில்லை. சேட்டன் கொஞ்ச நாள் தனியாகச் சமாளித்தார். பிறகு திருச்சூர் பக்கம் ஒரு பெரிய கேரேஜில் வேலை கிடைத்தது என்று ஷெட்டைக் காலி செய்தார்கள். சாமான் ஏற்றிய பிக்கப்பில் அக்கா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். டாஷ்போர்டில் மீட்டர் இல்லாததால் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதல்தடவையாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாலத்துல போகையில தண்ணி தெரியுமா பாய்?" என்று கேட்டார். ரெண்டு பக்கமும் தெரியும் என்றேன். சந்தோஷப்பட்டார். எனக்கு அவரை விட மனசே இல்லை. என் தம்பியை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர், அதை அவரே ஒத்துக்கொள்ள மாட்டார்.

தம்பி ஜன்னலோரம் போய், "அக்கா, எனக்கு எவ்ளோ?" என்றான் உம்மாவைப் போலவே. அக்கா அவன் நெஞ்சைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பதினாலு ஏழு, சின்னப் பாய். நல்லா இருக்கு."

நான் அவன் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வழக்கம்போல் மூச்சை அடக்கிக்கொள்ள அன்றைக்கு மறந்துவிட்டேன். அக்காவின் கண் அவனைத் தாண்டி என்னிடம் வந்தது. உதடு அசைந்தது. ஒரு எண் சொன்னார், சத்தமில்லாமல். அடுத்ததைச் சொன்னார். பிறகு சேட்டன் வண்டியை எடுத்துவிட்டார். வண்டி தெருமுனையில் திரும்பும்போது பார்த்தேன், அக்கா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

பிரியும்போது யாருக்கும் அழுகை வரும், அதை அடக்கத்தான் துணியை வைத்துக்கொண்டார் என்று உம்மா சொல்கிறார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.